எண்ணெய் கழுவிய காலம்

எண்ணெயைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் ஒரு தொழில் என்று சொன்னால், சிரிக்காமல் கேட்பதற்கு எங்கள் விருதுநகர்ப் பக்கம் ஓர் ஆள் கிடையாது. ரெண்டாயிரத்துச் சொச்சத்தில், கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று கரண்ட் ஆபீசுக்கே தெரியாமல் இருந்த அந்தச் சில வருஷங்களில், நான் அந்தத் தொழிலைத்தான் செய்தேன். பேப்பரில் வந்த ஒரு கட்டுரையை நம்பி இருந்த வேலையை விட்ட புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், துணைக்கு இன்னொருத்தன் இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேபில் இருந்தவன் நான். பொரித்து முடித்த எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று படித்ததும் புத்தி பிசகிப்போய், ஆமத்தூரில் சிவகாசி ரோட்டோரம் ஒரு பழைய குடோனைப் பிடித்தேன். விஷயம் சுலபம். பழைய எண்ணெயைச் சூடாக்கி, மெத்தனால் என்கிற ஸ்பிரிட்டில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கலக்கி வைத்தால், விடிவதற்குள் ரெண்டாகப் பிரிந்து நிற்கும். மேலே தேன் நிறத்தில் பயோடீசல். கீழே கருப்பாய், கொழகொழவென்று கிளிசரின். மேலே நிற்பதில் சோப்பும் மிச்ச ஸ்பிரிட்டும் கலந்திருக்கும். அதைத் தண்ணீர் விட்டு, கழுவின தண்ணீர் தெளிவாக வருகிறவரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கட்டுரையில் இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தார்கள். என் பிழைப்பு முழுக்க அந்த ஒரு வரியில்தான் போயிற்று.

என் வீட்டுக்காரி அமுதா டீச்சர். பொங்கல்வரைக்கும் எனக்குத் தவணை கொடுத்திருந்தாள். அதற்குள் நிரந்தரமாக ஒரு கஸ்டமராவது கிடைக்காவிட்டால், குடோனைப் பூட்டிவிட்டு கோயம்புத்தூரில் அவள் அண்ணன் பெயிண்ட் கடையில் போய் உட்கார வேண்டும். எனக்காவது பெயிண்ட் கடை. என்னிடம் வேலை பார்த்த மாடசாமி அண்ணனுக்கு அதுவும் இல்லை. அவர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிற ரூமில் பல வருஷம் இருந்தவர். ஒருநாள் அடுத்த ரூம் வெடித்துச் சிதறியதைக் கண்ணால் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சம்சாரம் பாண்டியம்மாள் அழுது அமர்க்களம் பண்ணி அவரை வெளியே இழுத்துவந்து என்னிடம் விட்டிருந்தாள். நான் பூட்டினால் அவர் மறுபடியும் அந்த மருந்து ரூமுக்குத்தான் போக வேண்டும்.

கெட்டுப்போகாத எண்ணெய்

எங்கள் ஊர் பரோட்டா கல்லில் வாட்டி எடுக்கிற ரகம் இல்லை. எண்ணெயில் முங்கிப் பொரிகிற ரகம். ஆகவே பழைய எண்ணெய்க்குப் பஞ்சமே வராது என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு, கையில் ரெண்டு கேனோடு ஒரு பெரிய பரோட்டாக் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் என்னை யாரோ சுகாதார அதிகாரி என்று நினைத்து, மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் அதிகாரி இல்லை என்று தெரிந்ததும், பாதி குடித்த கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

வேண்டாத எண்ணெய் எம்புட்டு மிஞ்சும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. காலையில் ஊற்றின எண்ணெய் மேல் சாயங்காலம் புது எண்ணெய் ஊற்றுவார்கள். மறுநாள் அதன் மேல் இன்னும் கொஞ்சம். அப்புறம் மிச்சம் எங்கே இருந்து வரும்? சரி, என்றைக்காவது கெட்டுப்போனால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று பணிவாகத்தான் கேட்டேன். மனுஷருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"எங்க கடையில எண்ணெய் தீந்துதான் போகும் சார், கெட்டுப் போகாது," என்றார்.

எண்ணெய்க்கு ஒரு குளியல்

அப்படிச் சொன்னவரே அப்புறம் மனசு இரங்கி, சட்டி கழுவுகிற நாளில் அடியில் நிற்பதை எனக்குக் கொடுத்தார். பொரித்த மாவுத் துணுக்கும் கரியுமாக இருந்ததை வேட்டித் துணியில் வடிகட்டினோம். இன்னும் சில கடைகள் பழக்கமாயின. எண்ணெய்ப் பிரச்சினை தீர்ந்ததும் தண்ணீர்ப் பிரச்சினை ஆரம்பித்தது. குடோனில் இருந்த போர் தண்ணீர் சரியான உப்பு. அதைவிட்டுக் கழுவினால் சோப்பு திரிந்து, கெட்ட பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதந்தது. நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஆமத்தூரில் நல்ல தண்ணீர் என்றால், குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் காக்கிற சமாச்சாரம்.

வேறு வழியில்லாமல் மல்லாங்கிணறு பக்கமிருந்து தண்ணி லாரி வரவழைத்தேன். டிரைவர் டியூபைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று உள்ளே வந்து ஒரு பீடியை எடுத்தார். மாடசாமி அண்ணன் பாய்ந்துபோய் அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு வந்தார். நான் என்பாட்டுக்குப் பூவாளியில் தண்ணீர் மொண்டு டிரம்மில் எண்ணெய்க்கு மேலே பதமாகத் தெளித்தேன். தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கி அடியில் பாலாகச் சேர்ந்தது. குழாயைத் திறந்து அதைக் குழியில் விட்டேன். மறுபடி தெளித்தேன். மறுபடி திறந்துவிட்டேன். அந்த மனுஷர் அவ்வளவு நேரமும் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லாரியில் ஏறி உட்கார்ந்தபிறகு சொன்னார்.

"குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல எண்ணெயைக் குளிப்பாட்டுறீகளே, நல்லா இருப்பீக."

எந்தக் கையோடு வருவது

பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்பார்கள். மாடசாமி அண்ணன் இருந்த பயர் ஆபீஸில், மருந்து ரூமுக்குள் போகுமுன் வாசல் தொட்டியில் கையை நனைத்துக்கொண்டுதான் போக வேண்டும். உடம்பில் நிற்கிற மின்சாரம் இறங்காமல் உள்ளே போனால் ஒரு சின்னப் பொறி போதும், ஆளையே காணோம். பல வருஷம் அப்படிப் பழகின கை. என்னிடம் வந்த அன்றைக்கே குடோன் வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டியை வைத்துத் தண்ணீர் ரொப்பிவிட்டார். ஸ்பிரிட் புழங்குகிற இடம், நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன்.

ஆனால் காஸ்டிக் சோடா இருக்கிறதே, அது ஈரத்துக்கு அலைகிற பொருள். டப்பாவைத் திறந்துவைத்தாலே காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக் கசிய ஆரம்பித்துவிடும். அந்த ஈரத்தோடு எண்ணெயில் சேர்ந்தால் டீசலுக்குப் பதில் சோப்புதான் கிடைக்கும். அண்ணன் என்ன செய்திருக்கிறார் என்றால், ஒவ்வொரு தடவையும் உறை போட்ட கையைத் தொட்டியில் நனைத்து, அள்ளுகிற கரண்டியையும் ஒரு முக்கு முக்கி, சொட்டச் சொட்டக் காஸ்டிக்கை அள்ளியிருக்கிறார். அது போதாதென்று எண்ணெய் டிரம்முக்கும் பாதுகாப்புக்கு ரெண்டு கை தண்ணீர் தெளித்திருக்கிறார். காலையில் மூடியைத் திறந்தால் உள்ளே அல்வா. கரண்டியை நட்டால் நிற்கிறது. எனக்கு வந்ததே கோபம், அக்கம்பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் எல்லாம் எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அண்ணன் எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

"அங்கன கை காஞ்சிருந்தா திட்டுனாக, இங்கன கை ஈரமா இருந்தா திட்டுறீக. நான் எந்தக் கையோட வரணும்னு மொதல்லயே சொல்லிருங்க சார்."

குடோனில் கடைந்த வெண்ணெய்

பூவாளியை வைத்துக்கொண்டு தெளித்தால் ஒரு டிரம் கழுவுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பழைய கிரைண்டர் மோட்டார் ஒன்றில் மரத் துடுப்பை மாட்டி, டிரம்முக்குள் இறக்கிச் சுற்றவிட்டால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடாதா என்று யோசித்தேன். மாடசாமி அண்ணனுக்கும் அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம், சுற்றினோம், சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீரும் எண்ணெயும் சோப்பும் ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று ஒரே களியாகிவிட்டது. பிரியட்டும் என்று விட்டுவைத்தோம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

உப்பைக் கரைத்து ஊற்றி, சூடு காட்டினால் பிரியும் என்று எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அமுதா சாப்பாட்டுக் கேரியரோடு வந்துவிட்டாள். நான் டிரம்மை மறைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தேன். நகருங்க என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். விரலால் தொட்டுக் குடோன் சுவரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் பிடித்தது.

"ஏங்க, இதுக்கு டிஸ்டெம்பர்னு பேர் போட்டு எங்க அண்ணன் கடைக்கு அனுப்பிருங்க, அதே லாரியில நீங்களும் போயிரலாம்," என்றாள்.

மத்தாப்புக் கை

கழுவுகிற தொல்லை ஒரு பக்கம், அடியில் தங்குகிற கிளிசரின் தொல்லை இன்னொரு பக்கம். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு வாளி சேர்ந்துகொண்டே இருந்தது. சோப்புக் கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டு, இம்புட்டு அழுக்காக இருந்தால் வேண்டாம் என்று போய்விட்டார்கள். கடைசியில் நானே அதைத் திறந்த வெளியில் வைத்து ஸ்பிரிட் போகும்வரை ஆற்றி, இன்னும் கொஞ்சம் காஸ்டிக் சேர்த்து, தகரத் தட்டில் ஊற்றிக் கட்டி கட்டியாக அறுத்தேன். பார்ப்பதற்குக் கருப்பட்டி மாதிரியே இருக்கும். ஒன்றைப் பாண்டியம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன்.

பாண்டியம்மாளுக்குக் கம்பி மத்தாப்பு போடுகிற ஆபீஸில் வேலை. அலுமினியப் பொடி படிந்து முழங்கைவரைக்கும் வெள்ளி பூசியது போல இருக்கும். நகக்கண்ணில் ஏறினது எந்தச் சோப்புக்கும் அசையாது. என் கருப்புக் கட்டிக்கு அசைந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் பெண்களை ஏற்றிவருகிற வேன் எங்கள் குடோன் வாசலிலேயே நின்றது. வேன் முழுக்க வெள்ளிக் கைகள், எல்லாம் என்னை நோக்கி நீண்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்ததை எல்லாம் அறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் அதே வேனை மறித்து, சோப்பு எப்படி என்று பெருமையாகக் கேட்டேன். ஜன்னலோரம் இருந்த அக்கா பதில் சொன்னாள்.

"கை பளிச்சுன்னுதான் ஆகுது சார், ஆனா வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எங்க வீட்டுக்காரரு பரோட்டாவை எங்க ஒளிச்சு வச்சன்னு சண்டைக்கு வாராரு."

அண்ணாச்சியின் டேங்கு

சிவகாசியில் ரத்தினம் அண்ணாச்சி காலண்டர் பிரஸ் வைத்திருந்தார். காலண்டர் சீசனில் மெஷின் ஒரு மணி நேரம் நின்றாலும் ஆர்டர் போய்விடும். கரண்டோ நினைத்தால் போய்விடும். பெரிய ஜெனரேட்டர் ரெண்டு வைத்திருந்தார், ரெண்டும் ஓடினால்தான் எல்லா மெஷினும் சுற்றும். ஒன்றுக்கு என் எண்ணெயை ஊற்றிப் பார்க்கச் சம்மதிக்கவைக்க, நான் அவர் பிரஸ்ஸுக்கு நடந்த நடையில் செருப்பு தேய்ந்துவிட்டது. கடைசியில் சரி என்றார். கழுவிக் கழுவி, காயவைத்து, கண்ணாடி மாதிரி தெளிந்ததைத்தான் கொண்டுபோய் ஊற்றினேன். ஜெனரேட்டர் ஜம்மென்று ஓடியது. முதல்முதலாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்ட தகப்பன் மாதிரி பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்கு வீட்டில் அமுதா வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டாள். மாடசாமி அண்ணன் இனிமேல் பயர் ஆபீஸ் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று நான் வாக்கே கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம் போன் வந்தது. ஜெனரேட்டர் படுத்துவிட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். உள்ளே முருகன் படத்துக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது, மயிலுக்கு நீலம் ஏறவில்லை. தாள் கட்டுக்கட்டாக அப்படியே நிற்கிறது. மெக்கானிக் ஃபில்ட்டரைக் கழற்றினார். உள்ளே தார் மாதிரி கசடு. எனக்கு ஒரே குஷி. ஏனென்றால் அது என் எண்ணெயில் வந்த கசடு இல்லை. வருஷக்கணக்கில் சாதா டீசல் ஊற்றி டேங்கின் அடியில் உறைந்துகிடந்ததை எல்லாம் என் எண்ணெய் கரைத்து வெளியே கொண்டுவந்திருக்கிறது. அதுதான் பயோடீசலின் குணம். இதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிற தோரணையில் அண்ணாச்சிக்கு லேபில் பையன்களுக்கு விளக்குவதுபோல விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தம்பி, நான் உங்களை டேங்கைக் கழுவச் சொல்லலை, லைட்டை எரியவிடச் சொன்னேன்."

காலி கேன்

அதோடு அண்ணாச்சி என் எண்ணெயை நிறுத்திவிட்டார். வேறு ஜெனரேட்டர்க்காரர்களுக்கும் சேதி போய்விட்டது, யாரும் வாசல்படி ஏறவிடவில்லை. வீட்டில் அமுதா என்னைக் கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோயம்புத்தூர் அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். மாடசாமி அண்ணனும் பழைய ஃபோர்மேனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பொங்கல் கழிந்ததும் வரச் சொல்லியிருக்காக என்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கு மத்தியானம் பாண்டியம்மாள் சாப்பாடு கொண்டுவந்தாள். எனக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் கட்டியிருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஒரு மனுஷனைச் சாவுக்குப் பக்கத்திலிருந்து கூட்டிவந்து, திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடப்போகிறேனே என்று அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம், பிரஸ்ஸில் கிடக்கிற என் கேன்களை எடுத்துவரப் போனேன். மிச்சம் எண்ணெயோடு விட்டுவந்த கேன்கள். தூக்கினால் எல்லாம் காலி. நான் கேட்கவும், அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. நம்ம பிரஸ்ஸில் திருட்டா என்று மெஷின் மேனைக் கூப்பிட்டார். அந்தத் தம்பி துணிப்பந்தும் கையுமாக வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டே உண்மையைச் சொன்னான். ஜெனரேட்டர் நின்ற அன்றைக்கு மை எல்லாம் ரோலரிலேயே காய்ந்து பிடித்துவிட்டதாம். துடைக்கச் சீமெண்ணெய் தீர்ந்துபோயிருந்ததாம். ஆத்திர அவசரத்துக்கு என் கேனில் துணியை முக்கித் துடைத்திருக்கிறான். மை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சீமெண்ணெய் மாதிரி தலைவலி இல்லை, கையில் எரிச்சல் இல்லை. கடைசியில் ஈரத்துணியால் ஒரு துடை, ரோலர் பளபளவென்று ஆகிவிடுகிறது. அன்றையிலிருந்து எல்லா மெஷினுக்கும் அதுதான். பக்கத்துப் பிரஸ்காரர்கள்கூட பாட்டிலில் வாங்கிப்போகிறார்களாம்.

அண்ணாச்சி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மாசா மாசம் எவ்வளவு தர முடியும் என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, பாருங்கள். இது எரிபொருள் அண்ணாச்சி, துடைக்கிற எண்ணெய் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, பாண்டியம்மாளின் முகம் கண்முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். தண்ணி விட்டு நல்லாக் கழுவிட்டுத்தானே தாரீக என்று அவர் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார். கண்ணாடி மாதிரி வரும் அண்ணாச்சி என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

"அப்படித்தான் இருக்கணும். நீங்க கழுவிக் குடுங்க தம்பி, நாங்க அழுக்காக்கிக்கிடுதோம்."

ஆமத்தூருக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. மாடசாமி அண்ணன் கடைசி டிரம்மின் பக்கத்தில் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தார். பூட்டப்போகிற குடோனில் அந்த ஒரு டிரம்மை எதற்குக் கழுவினார் என்று இன்றுவரைக்கும் நான் கேட்டதில்லை. ஒரு பிரஸ் இல்லை, பல பிரஸ், பயர் ஆபீஸுக்கு ஆள் வரமாட்டான் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பூவாளியைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, அலுத்துக்கொள்கிற மாதிரியே கேட்டார்.

"அப்ப நாளைக்கும் இதைத்தான் கழுவணுமா சார்?"

நாட்டின் எரிபொருள் பஞ்சத்தைத் தீர்த்தே விடுவது என்று காலேஜ் வேலையை உதறிவிட்டுக் கிளம்பியவன், ஒரே ஒரு பல்பைக்கூட உருப்படியாக எரியவைக்காமல், ரெண்டு வீட்டில் அடுப்பெரிய வைத்துவிட்டேன்.